கூரையைக் கழற்றித் தரையைக் கழுவினோம்

தரை வேர்க்கிறது, சுவரோரம் பூசணம் பிடிக்கிறது என்று உங்களுக்கு ஆள் அனுப்புகிறவர் யாரும் காரணம் தெரியாமல் அனுப்புவதில்லை. காரணத்தை அவர் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருப்பார். பாதிப் பேர் கொத்தனார் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். மீதிப் பேர் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள். நீங்கள் போய்த் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்ப்பது. இந்தக் கட்டடத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் தலையாட்டப் பழகும் முன்னால் ஒரு மோட்டார் ஷெட்டுத் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கைப்பட நடந்த வேலைகளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் சொல்லக்கூடியது அது. கொஞ்சம் தற்பெருமை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

இரண்டாம் உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்டு வாங்க முடியாது. பெட்ரோலும் அப்படித்தான். அதனால் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்த வாயுவில்தான் வண்டிகள் ஓடின. நான் நாசரேத்திலிருந்து வந்து இங்கே ஒரு கட்டட காண்டிராக்டரிடம் மேற்பார்வை வேலையில் இருந்தேன். வயது குறைவு, வாய் அதிகம்.

வேம்பார் ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சின்னத்துரை அண்ணாச்சிக்கு திரேஸ்புரம் ஓரத்தில் ஒரு மோட்டார் ஷெட் கட்டிக் கொடுத்தோம். கருப்பட்டிக் கடையில் ஆரம்பித்து பஸ் முதலாளி ஆனவர். அவருடைய ஷெட்டுக்கு கான்கிரீட் தரை. அந்தப் பக்கத்தில் மோட்டாருக்கு அப்படியொரு தரை போட்டவர் வேறு யாரும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பார். பஸ் மட்டும் டயரோடு உள்ளே போகும்.

தரை போட்டது சித்திரை வெயிலில். அதன் பிறகு மேற்கே இருந்து அடித்த காய்ந்த காற்றில் அது சங்கு போல வெளுத்துக் கிடந்தது. புரட்டாசி கடைசியில் காற்று மாறியது. கடலிலிருந்து கொண்டல் காற்று வீச ஆரம்பித்ததும் தரை வேர்த்தது. சாயங்காலம் கால் வைத்தால் ஈரத்தில் பாதம் பதியும். மூலைகளில் கறுப்புப் பூசணம் ஏறியது. கழற்றி வைத்த சீட்டு மெத்தைகள் நாறின. எல்லாவற்றையும் விட மோசம், அடுக்கி வைத்திருந்த கரி மூட்டைகள் ஈரத்தைக் குடித்துவிட்டன. ஈரக் கரியில் பஸ் எப்படிக் கிளம்பும்? குளத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்று, பயணிகள் இறங்கித் தள்ளினார்கள்.

ஷெட்டை அடுத்து, சுற்றுச்சுவர் போட்ட ஒரு வளவில் லூர்தம்மாள் என்பவர் மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடாக்கும் தொழில் செய்துகொண்டிருந்தார். அவர் கணவர் தோணியில் சரக்கு ஏற்றும்போது விழுந்து முதுகு போய்ப் படுக்கையில் கிடந்தார். அந்தக் குடும்பத்துக்கு அந்த வளவுதான் சோறு. ஆவணியில் லூர்தம்மாள் ஷெட்டுச் சுவரை ஒட்டிப் புதிதாக ஓர் உப்புத் தொட்டி கட்டினார். அடுத்த மாதம் தரை வேர்த்தது. சின்னத்துரை அண்ணாச்சிக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? தொட்டியிலிருக்கிற உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து தன் தரையைக் கெடுக்கிறது, அந்த வளவையே மூட வேண்டும் என்று முனிசிபாலிட்டியில் மனு கொடுத்துவிட்டார். அவர் சொன்னால் அங்கே காது கொடுத்துக் கேட்பார்கள்.

முனிசிபல் இன்ஸ்பெக்டர் பார்வையிட வருவதற்கு முதல் நாள் எங்கள் காண்டிராக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நாளைக்கு அங்கன நீ போ. கேட்டா, தொட்டித் தண்ணிதான் கசியுதுன்னு சொல்லிரு."

"பாக்காம எப்படிய்யா சொல்ல?"

"பாரு. நல்லாப் பாரு. பாத்துட்டு அதையே சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. தொட்டியில் குற்றம் இல்லையென்றால் தரை போட்ட எங்கள் பெயர்தான் கெடும். அண்ணாச்சியை நம்பித்தான் அவருக்கு அடுத்த வேலைகளும் இருந்தன. இப்படியொரு பேச்சு உங்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது பேசுகிறவர் மேல் கோபப்படாதீர்கள். நாளைக்குப் போய் நிற்கப் போவது நீங்கள், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். வெயில் ஏறி, காற்று நிலத்துப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்ததால் தரை காய்ந்திருந்தது. உடைந்து போன ஒரு பஸ் கண்ணாடித் துண்டு ஷெட்டில் கிடந்தது. அதைத் தரை நடுவில் வைத்து, சுற்றிலும் மெழுகுவர்த்தியை உருக்கி ஓரத்தை அடைத்தேன். ஈரம் மண்ணிலிருந்து ஏறினால் கண்ணாடிக்கு அடியில் கட்டாயம் தெரியும். காற்றிலிருந்து இறங்கினால் கண்ணாடிக்கு வெளியே மட்டும் நனையும். இன்றைக்கு நீங்கள் இதற்கு ஏதேதோ கருவி வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். கேள்வி மாறவில்லை.

ஷெட்டு வாசலை ஒட்டிய வளவுச் சுவருக்கு மேல் லூர்தம்மாள் எட்டிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் உப்பு.

"சாட்சி சொல்ல வந்தவுக நீங்கதானா?"

"தரையைப் பாக்க வந்தேங்க்கா."

"அப்படியா? இதுவரைக்கும் வந்தவுக எல்லாம் என் தொட்டியைத்தான் பாத்தாவ. தரையைப் பாக்க ஒரு ஆளு வரணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் சுவரை விட்டு நகரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று கடல் பக்கம் திரும்பியது. இன்ஸ்பெக்டர் வந்தார், அண்ணாச்சி வந்தார், வேடிக்கை பார்க்கத் தெருவும் வந்தது. எங்கள் கண் முன்னாலேயே தரை கறுத்து மினுங்க ஆரம்பித்தது. நான் கண்ணாடியைக் காட்டினேன். சுற்றிலும் ஈரம். கண்ணாடிக்கு அடியில் மட்டும் வெள்ளை வெளேர் என்று காய்ந்த சதுரம்.

"மண்ணுல இருந்து ஏறலைங்கய்யா. காத்துல இருக்கிற ஈரத்தைத் தரை இழுக்குது. தரைக்குள்ள உப்பு இருக்கு" என்றேன். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன். இன்ஸ்பெக்டரும் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அது அண்ணாச்சி வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"சரி தம்பி, உப்பு இருக்கு. எங்கிருந்து வந்துச்சு? அவ தொட்டியில இருந்துதான? முதல்ல ஊறி ஏறியிருக்கும், இப்ப காத்தை இழுக்கு. நான் சொன்னதைத்தானே நீயும் சொல்லுத?"

கருப்பட்டிக் கடை மூளை அது. லேசானதல்ல. சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சுவருக்கு மேல் லூர்தம்மாளின் முகமும் தெரிந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிக்கத்தான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எப்படியோ வாயை அடக்கிக்கொண்டு, "ஒரு தடவை முழுசும் நடந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். காலையில் தரை காய்ந்திருந்ததால் நடந்து பார்த்தும் பயனில்லாமல் இருந்தது. இப்போது வெறுங்காலோடு வாசலிலிருந்து ஆரம்பித்தேன்.

வாசலில் ஈரம். நடுவில் இன்னும் அதிகம். அடுத்து, தொட்டிச் சுவரை ஒட்டி ஷெட்டின் மூலையில் ஒரு சின்ன அறை. அண்ணாச்சி சாமி படங்களை வைத்து விளக்கேற்றி, காலையில் வண்டி கிளம்பும் முன் கும்பிடுகிற அறை. கதவு பகலெல்லாம் திறந்துதான் கிடக்கும், அதே காற்றுதான் அதற்குள்ளும் போகும். உத்தரவு கேட்டு உள்ளே கால் வைத்தேன். தரை காய்ந்திருந்தது. சுவர் வரைக்கும் போனேன். அந்தப் பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் தொட்டி. இந்தப் பக்கம் பொட்டு ஈரம் இல்லை, பூசணம் இல்லை.

"அண்ணாச்சி, இந்த அறைக்கும் வெளியவும் ஒரே நாள்லதான் நாங்க தரை போட்டோம். ஒரே கலவை. போட்ட பிறகு சிமெண்டு இறுகுறதுக்குப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துனது உங்க ஆளுங்க. இந்த அறைக்கு எந்தத் தண்ணி?"

அவர் கொஞ்சம் கூடத் தயங்கவில்லை. பெருமையாகச் சொன்னார். "சாமி அறைல்லா? குழாத்தண்ணி. குடம் குடமா எடுத்து ஊத்தச் சொன்னேன்."

"வெளிய?"

"கிணத்துத் தண்ணி. பொம்பளைங்க ஒரு குடம் தண்ணிக்குக் குழாயடில வெயில்ல நிக்காளுவ. நான் குழாயில வர்ற ஆத்துத் தண்ணியக் கொண்டாந்து பஸ்ஸு நிக்கிற தரைல ஊத்தவா? அது பாவம்லா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்தக் கிணறு வாயில் வைக்க முடியாத உவர்க் கிணறு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாரக்கணக்கில் அதை நிறுத்தி, காய விட்டு, மறுபடி நிறுத்தி, ஷெட்டுக்குள் அவர் ஓர் உப்பளமே போட்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் செய்தது கஞ்சத்தனம் இல்லை. தண்ணீருக்கு அலையும் ஊரில் மனச்சாட்சி உள்ள மனிதர் செய்கிற காரியம். எங்கள் மேலும் தப்பு உண்டு. தண்ணீர் நிறுத்துங்கள் என்று சொன்னோமே தவிர எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வேலையிலும் நான் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். "நீர் சொல்வது பொருந்துகிறது. ஆனால் ஒரு அறையை வைத்து மனுவைத் தள்ள முடியாது. தரையைச் சரி செய்து காட்டும். மழை முடிந்து கொண்டல் அடிக்கும்போது வருகிறேன். அப்போதும் வேர்த்தால் தொட்டிகள் போக வேண்டியதுதான்" என்றார்.

ஆக, லூர்தம்மாளின் வளவு இப்போது என் கையில் வந்துவிட்டது. காண்டிராக்டர் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வாயைக் குடுத்தவன் நீ. நீயே பாத்துக்க. சரியா வரலைன்னா இந்தப் பக்கம் வராத" என்றார்.

எல்லோரும் தார் பூசச் சொன்னார்கள். ஆத்தூரில் வெற்றிலை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் ஈரத் தரை மேல் தார் பூசியதைப் பார்த்திருக்கிறேன். அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் பூசணம் இன்னும் சுகமாக வளர்ந்தது. ஈரத்தை மூடினால் ஈரம் போய்விடாது. உடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சிமெண்டும் இல்லை. உப்பை வெளியே எடுக்க ஒரே வழி நல்ல தண்ணீர். அதுவும் ஏராளமாக. அந்த அளவு தண்ணீர் ஊரில் எங்கே இருந்தது?

ரெண்டு நாள் யோசித்துவிட்டு அண்ணாச்சியிடம் போனேன். "கூரைத் தகரத்தைக் கழத்திருவோம். மழை தரைல விழட்டும்."

அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். "மழைக்குத்தாம்லே கூரை போட்டேன்."

"நல்ல தண்ணி வேணும் அண்ணாச்சி. குழாயடில எடுத்தா பாவம்னு நீங்கதான் சொன்னீய. வானத்துல எடுத்தா யாருக்கும் குறையாது."

அவர் சொல்லைத் திருப்பி அவருக்கே சொன்னதும் மறுக்க முடியவில்லை. "கரியை எங்க வைக்க? சீட்டை எங்க வைக்க?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் நீளமான கூரை ஒன்றுதான் இருந்தது. லூர்தம்மாள் வெயில் இல்லாத நாளில் மீனைக் கொண்டு போய் விரிக்கிற ஓலைக் கொட்டகை. மழைக்காலத்தில் அதில் பாதி சும்மாதான் கிடக்கும்.

"நீயே கேட்டுரு தம்பி" என்றார்.

"மனு குடுத்தது நீங்க. நீங்கதான் கேக்கணும்" என்றேன்.

சுவர் ஓரத்தில் போய் நின்று மூன்று தடவை தொண்டையைச் செருமினார். ஊரில் எல்லோரையும் காக்க வைக்கிற மனிதர். லூர்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொண்டாந்து வைங்க அண்ணாச்சி. கரிக்கு மீன் நாத்தம் பிடிச்சா பஸ்ஸு ஓடும்லா?" என்றார். ஓடியது. ஆனால் அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க வேம்பார் பஸ்ஸில் ஏறியவர்கள் சீட்டிலிருந்து வரும் கருவாட்டு வாசத்தில் பசியோடுதான் இறங்கினார்கள்.

தகரத்தைக் கழற்றினோம். மழை வரவில்லை.

தூத்துக்குடி மழையை நம்பிக் காரியத்தில் இறங்குகிறவனை என்ன சொல்வது? வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாசரேத்துக்காரன் சின்னத்துரை ஷெட்டுக்கு மொட்டை போட்டுவிட்டான் என்று டீக்கடையில் பேசினார்கள். அண்ணாச்சி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பேசினாலாவது பரவாயில்லை. ராத்திரி படுத்தால் அந்தச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த முகம்தான் வரும். எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன்? ஆனால் தகரத்தைத் திரும்பப் போடலாமா என்று டிரைவர் சுடலை கேட்டபோது வேண்டாம் என்றேன். எடுத்த முடிவு சரியா என்று யோசித்துப் பார்த்தேன். சரி என்றுதான் தோன்றியது. பயந்ததற்காக அதை மாற்றக் கூடாது. பயமும் காரணமும் வேறு வேறு. இந்த ஒன்றை நான் அந்த நாட்களில்தான் கற்றேன்.

ஐப்பசி நடுவில் பிடித்துக்கொண்டது. மழை கொட்டும், தரையில் தேங்கும். தேங்கியதை ஊற விட்டு வெளியே தள்ளுவோம். இடையில் வெயில் அடித்தால் உள்ளே இருக்கிற உப்பு மேலே வந்து மாவு தெளித்தது போல வெள்ளையாகப் பூக்கும். அடுத்த மழைக்கு முன்னால் அதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உள்ளே போய்விடும். முதல் தடவை அதைக் கூட்ட நான் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது லூர்தம்மாள் தன்னிடம் வேலை செய்யும் பெண்களோடு ஈர்க்கு வாரியலை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"யாரு வேலைன்னு நெனைக்கீய? இது என் கேசு தம்பி. தள்ளுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதை அண்ணாச்சி பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைப் பூச்சை நான் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கார்த்திகை முடிவில் உப்புக் கரிக்கவில்லை, சுண்ணாம்பு ருசிதான் இருந்தது. பூசணம் பிடித்த மூலைகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். தகரத்தை மாட்டும்போது சுவர் உச்சியில் காற்று போய்வர ஜன்னல் விட்டோம். கரி மூட்டைக்கு அடியில் பனஞ்சட்டம் போட்டோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மழை விட்டு, கொண்டல் நன்றாக அடித்த ஒரு மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கண்ணாடி, மெழுகு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அண்ணாச்சி அதை ஒதுக்கச் சொன்னார். அன்றைக்குக் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். தரை நடுவில், முன்பு எங்கே அதிகம் வேர்த்ததோ அங்கே, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்படியே சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். கரி விலை, டயர் தட்டுப்பாடு, மகள் படிப்பு. இன்ஸ்பெக்டரும் நாற்காலியில் பொறுமையாக இருந்தார். எனக்குத்தான் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. கடல் காற்று ஷெட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

எழுந்தார். "சுடலை, பின்னால பாரு."

சுடலை குனிந்து பார்த்தான். "காஞ்சிருக்கு மொதலாளி."

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அண்ணாச்சி மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அங்கேயே சொன்னார். சொல்லிவிட்டு யாரையும் அனுப்பாமல் தானே சுவர் ஓரத்துக்குப் போனார். "லூர்தம்மா, தொட்டி இருக்கட்டும். தப்பு என் கிணத்துலதான்" என்றார். லூர்தம்மாள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்று கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது லூர்தம்மாள் கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தச் சாமி அறையும் நனைஞ்சிருந்தா என்ன சொல்லிருப்பீய?"

எதிர்பார்க்கவில்லை. வேறு ஏதாவது இதமாகச் சொல்லியிருக்கலாம். "உங்க தொட்டியில இருந்துதான் வருதுன்னு சொல்லிருப்பேங்க்கா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்து உப்பில் புரட்ட ஆரம்பித்தார்.

அதன் பிறகு அந்தத் தெருவில் யார் வீட்டில் தரை வேர்த்தாலும், யார் யாருக்குள் சுவர்ச் சண்டை வந்தாலும், எனக்கு ஆள் அனுப்பியது லூர்தம்மாள்தான்.